இறந்தவர் கையில் துபாய் நேரம்

பிணத்தைப் பார்க்க டைட்டஸுக்குப் பயம் கிடையாது. ஒரே பிணத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பதினோரு தடவை பார்க்கச் சொன்னால்தான் அவனுக்கு எரிச்சல் வரும்.

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய துப்பறியும் நிறுவனத்தின் மாடியறையில், ஷைஜாவின் லேப்டாப் திரையில், அருமனை ஞானசிங் பன்னிரண்டாவது தடவையாகப் பெட்டிக்குள் படுத்திருந்தார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கையுறை, நெஞ்சின்மேல் வேதப்புத்தகம், அதன்மேல் இடது கை. போன வாரம் திங்கட்கிழமை நடந்த அடக்க ஆராதனை அது. வளைகுடாவில் கிடக்கும் சொந்தங்களுக்காக நேரலையாகப் போனது. இந்தப் பக்கத்தில் இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு ஒரு கேமரா என்றால் அடக்கத்துக்கு இரண்டு. லீவு கிடைக்காதவர்கள் இருந்த இடத்திலிருந்தே அழ வேண்டுமே.

மணி ஒன்று ஐம்பது. ஐந்து மணிக்குள் ஒரு பெண்ணைக் காப்பாற்றியாக வேண்டும்.

அவள் பெயர் டெல்சி. முட்டம் பக்கத்துக் கடற்கரைக்காரி, நர்சிங் படித்தவள். தனியாக இருந்த ஞானசிங்கை எட்டு மாதம் வீட்டோடு தங்கிக் கவனித்துக்கொண்டவள். குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. விசாவுக்குப் போலீஸ் நற்சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் ஞானசிங்கின் மகன் ஷிபின் புகார் கொடுத்தான். பெட்டியை மூடுவதற்கு முன்னால் அப்பாவின் கையிலிருந்து கழற்றிய வாட்ச் போலியாம். அசலை எடுத்துக்கொண்டு போலியைக் கட்டிவிட்டவள் டெல்சிதானாம். ஐந்து மணிக்குள் அசல் வரவில்லையென்றால் வழக்குப் பதிவாகும் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். வழக்கு விழுந்தால் சான்றிதழ் கிடைக்காது, குவைத்தும் கிடையாது. அவள் காலையிலிருந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் அம்மா செசிலி மீன் விற்ற கையோடு இங்கே வந்து, ஷைஜாவின் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போயிருந்தாள். அறையில் இன்னும் சாளை மீன் வாசனை அடித்தது. ஜன்னலைத் திறக்க டைட்டஸுக்கு மனசு வரவில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரு வதந்தி. மொர்வால் என்ற சுவிட்சர்லாந்துக் கம்பெனி ‘டால்ஃபின்’ என்று ஒரு ஸ்போர்ட்ஸ் வாட்ச் செய்துகொண்டிருந்தது. கடலில் முங்குகிறவர்களுக்காகச் செய்தது. ஆரஞ்சு நிற நிமிஷ முள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன் அதே கம்பெனி தன் இணையப் பக்கத்தில் ஒரு படம் போட்டது. நீலத் தண்ணீர், நடுவில் ஓர் ஆரஞ்சுக் கோடு. ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. அவ்வளவுதான், இணையத்தில் வாட்ச் பைத்தியங்கள் எல்லாம் தூக்கத்தைத் தொலைத்தார்கள். டால்ஃபின் திரும்ப வருகிறது என்று ஒரு கூட்டம், வராது என்று ஒரு கூட்டம், வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று படம் வரைந்து போட ஒரு கூட்டம். இவர்கள் அடித்துக்கொண்டதில் பழைய டால்ஃபினின் விலை ஒரு காரின் விலைக்கு ஏறியது. ஞானசிங் பஹ்ரைனில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிக் கட்டியது அப்படி ஒரு பழைய டால்ஃபின்தான்.

ஷைஜா படத்தை நிறுத்தினாள். அவளுக்கு வயது முப்பத்தைந்து. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் வைத்தவள். டைட்டஸுக்கு நாற்பத்துநாலு. சவூதியில் பன்னிரண்டு வருஷம் வண்டி ஓட்டிவிட்டு வந்து, இங்கே அவளுக்கு டிரைவர், குமாஸ்தா, காவலாளி எல்லாமாக இருந்தான்.

“டைட்டஸ் அண்ணா, அவரு கையில மணி எத்தன?”

டைட்டஸ் குனிந்து பார்த்தான். ஆரஞ்சு முள் பளிச்சென்று தெரிந்தது. ஒன்றரை. பெட்டிக்குப் பின்னால் வராந்தாச் சுவரில் தொங்கிய கடிகாரத்தில் மூன்று. ஷைஜா படத்தை ஓட்டி, பெண்கள் பாடி முடித்த இடத்தில் மறுபடி நிறுத்தினாள். சுவரில் மூன்று இருபது, கையில் ஒன்று ஐம்பது.

“வாட்ச்சு ஓடுதே மேடம்.” டைட்டஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். “அந்தக் காலத்து டால்ஃபினுக்குப் பாட்டரி கெடையாது. கை அசைஞ்சாத்தான் ஓடும். நான் ரியாத்ல அது மாதிரி ஒண்ணு கெட்டியிருந்தேன், ரெண்டு நாளு கழத்தி வச்சா நின்னு போவும். இவரு வெள்ளிக்கெழம காலம்பற இறந்தவரு. மூணு நாளு மார்ச்சுவரில கெடந்துட்டு வந்திருக்காரு. இவரு கை அசைஞ்சிருந்தா ஆராதனையே நடந்திருக்காது.”

போலி என்பது ஏற்கெனவே தெரிந்ததுதானே என்றாள் ஷைஜா. டெல்சி வெள்ளிக்கிழமையே மாற்றிவிட்டாள் என்பதுதான் புகார். ஷைஜாவை உறுத்தியது வேறு. பாட்டரி தீர்ந்து பிந்துகிற வாட்ச் நிமிஷக் கணக்கில் பிந்தும், இப்படி அளந்து வைத்ததுபோல் ஒன்றரை மணி நேரம் பிந்தாது.

“நமக்கு மூணு மணின்னா எந்த ஊருல ஒண்ணரை?”

டைட்டஸ் கணக்குப் போடவே இல்லை. வளைகுடாவுக்குப் போன் பேசிப் பழகிய எவனுக்கும் அது தூக்கத்திலும் தெரியும். அவனே ஊருக்கு வந்து ஒரு மாதம் வரை சவூதி நேரத்தை மாற்றாமல் கட்டிக்கொண்டு திரிந்தவன். மாற்றினால் அந்தப் பன்னிரண்டு வருஷமும் முடிந்துபோனதாக ஆகிவிடுமே என்று கை வரவில்லை.

“துபாய்,” என்றான். பிறகு எழுந்து வண்டிச் சாவியைத் தேடினான். ஷிபின் வேலை பார்ப்பது துபாயில். திங்கட்கிழமை விடியற்காலையில்தான் மனைவியோடு திருவனந்தபுரத்தில் இறங்கி நேரே வீட்டுக்கு வந்திருந்தான்.

அருமனை போய்ச் சேர இரண்டு நாற்பது ஆகிவிட்டது. ரப்பர் தோட்டத்துக்குள் மூன்று மாடி வீடு. வீட்டுக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவில் சொந்தக் கல்லறை. சிமெண்ட் பூச்சு இன்னும் வெளுக்கவில்லை. ஷிபின் சவரம் செய்யாத முகத்தோடு வெளியே வந்தான். உட்காரச் சொல்லவில்லை. அவன் மனைவி சஜிதாதான் நாற்காலியை இழுத்துப் போட்டு, கேட்காமலே சாயா கொண்டுவந்தாள்.

அந்தப் போலியைப் பார்க்கலாமா என்று ஷைஜா பணிவாகக் கேட்டாள். மடியில் கனம் உள்ளவன் மாட்டேன் என்பான் என்று டைட்டஸ் காத்திருந்தான். ஷிபின் உடனே கொண்டுவந்து வைத்தான். கூடவே அசல் வாட்ச்சின் பழைய டப்பாவையும் அதில் இருந்த சிறு புத்தகத்தையும் வைத்தான். பழைய வாட்ச் வாங்கும் எர்ணாகுளத்து வியாபாரி ஒருவர் சனிக்கிழமை வருவதாக இருந்தாராம், அவருக்காக எடுத்து வைத்ததாம்.

ஷைஜா புத்தகத்தைப் பிரித்துப் போலியின் பக்கத்தில் வைத்தாள். புத்தகத்துப் படத்தில் தேதி காட்டும் கட்டம் மூன்று மணி இலக்கத்தின் ஓரத்தில் இருந்தது. போலியில் அது கீழே, ஆறு மணிக்கு மேலே இருந்தது. அவள் தன் போனை எடுத்து மூன்றாவதாக வைத்தாள். வரப்போகும் டால்ஃபின் இப்படித்தான் இருக்கும் என்று ஏதோ ஒரு ரசிகன் வரைந்து பரப்பிய படம். தேதிக் கட்டம் ஆறு மணிக்கு மேலே.

“கம்பெனி இந்த வாட்ச்ச இன்னும் எறக்கவே இல்ல. எறக்குமான்னும் யாருக்கும் அறியாது,” என்றாள் ஷைஜா. “எவனோ வீட்டுல இருந்து வரைஞ்ச படத்தப் பாத்து பஜாருல டூப்ளிகேட் செய்துட்டாவ. படம் வந்தே ரெண்டு மாசந்தான் ஆச்சு. அந்த ரெண்டு மாசமும் டெல்சி இந்த வீட்ட விட்டு அசையல்ல.”

“பிள்ள பெறக்கவே இல்ல, ஞானஸ்நானம் குடுத்து முடிச்சாச்சு,” என்றான் டைட்டஸ். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு ஷைஜா, சுவர்க் கடிகாரமும் இறந்தவர் மணிக்கட்டும் ஒன்றாகத் தெரிகிற காட்சியைப் போனில் ஓடவிட்டாள். ஷிபின் பார்த்தான். கையிலிருந்த சாயாக் கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினான். வீட்டில் அத்தனை மேசை இருந்தும் அவன் கண்ணில் ஒன்றும் படவில்லை. சஜிதா கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

டைட்டஸுக்கு உள்ளுக்குள் குதூகலம். மணி மூன்றுதான் ஆகியிருந்தது. திரும்பிப் போகும் வழியில் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்றுகூட நினைத்துவிட்டான்.

“அந்த வாட்ச்சு என்னுதாக்கும்,” என்றான் ஷிபின். “அப்பா கையில கெட்டினது நாந்தான். ஆனா அசல நான் எடுக்கல்ல. நான் வந்து பாக்கும்போ அப்பா கை வெறுங்கையா கெடந்துது.”

டைட்டஸின் குதூகலம் அந்த இடத்திலேயே செத்தது. ஷிபின் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான். சின்ன வயதிலிருந்தே அந்த வாட்ச்மேல் அவனுக்கு ஆசை. அப்பா உயிரோடு இருக்கும்போது கேட்க வாய் வரவில்லை. வதந்தி கிளம்பியதும், ஆசைக்குத் துபாய் பஜாரில் ஒரு டூப்ளிகேட் வாங்கிக் கட்டிக்கொண்டான். அதைக் கட்டிக்கொண்டேதான் விமானம் ஏறினான். வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் பார்த்தால் கையில் வாட்ச் இல்லை. நாற்பத்தாறு வருஷம் கழற்றாத வாட்ச். இன்னும் கொஞ்ச நேரத்தில் நேரலை தொடங்கப்போகிறது, குவைத்திலும் மஸ்கட்டிலும் அத்தைமாரெல்லாம் பார்ப்பார்கள்.

“வெறுங்கையோட அப்பாவ அனுப்ப எனக்கு மனசு கேக்கல்ல. கையுறைய மடக்கிவிட்டு என்னுதக் கெட்டினேன். மூடும்போ கழத்திக்கிட்டேன். அசல எடுத்தது அந்தப் பிள்ளதான், வேற யாரு அப்பா பக்கத்துல இருந்தா? ஆதாரம் வேணும்னுதான் போலி கெடந்துதுன்னு எழுதிக் குடுத்தேன்.”

அவன் பொய் சொல்லவில்லை என்பது டைட்டஸுக்குத் தெரிந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. வெள்ளிக்கிழமை காலை அந்த வீட்டில் இறந்தவரோடு இருந்தவள் டெல்சி ஒருத்திதான். இவ்வளவு நேரம் பாடுபட்டு அவளைச் சுற்றி இருந்த மற்ற வாசல்களை எல்லாம் நாமே அடைத்துவிட்டோமோ என்று யோசித்தான். அவள் எடுத்துத்தான் இருப்பாளோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்காக அவனுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

ஷைஜா மட்டும் போனிலேயே கண்ணை வைத்திருந்தாள். ஆராதனைக் காட்சியை முன்னும் பின்னும் நகர்த்தினாள்.

“கடைசியா அந்த வாட்ச்ச நீங்க எப்பப் பாத்தீங்க?”

வியாழக்கிழமை சாயங்காலம் என்றான் ஷிபின். டெல்சிதான் வீடியோ காலில் அப்பாவைக் காட்டினாள். அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. மகனைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார். வாட்ச் அப்போது கையில் இருந்தது, அதை அவன் கண்ணாலே பார்த்தான்.

“எந்தக் கைய?”

“இந்தக் கைய,” என்று ஷிபின் தன் வலது கையை உயர்த்தினான். பாதி வழியில் அந்தக் கை நின்றுவிட்டது.

தோட்டத்தில் யாரோ ரப்பர் ஷீட்டை உதறிக் காயப்போடும் சத்தம் கேட்டது.

“இடது கையில ட்ரிப் ஏத்தியிருந்தாவ,” என்றான் ஷிபின், தனக்குத்தானே. “பெரிய கட்டுப் போட்டிருந்துது.”

“திங்கக்கெழம நீங்க எந்தக் கையில வாட்ச்சத் தேடுனீங்க?”

அப்பாவின் இடது கையில் நாற்பத்தாறு வருஷமாக வாட்ச் இருந்தது. எந்த மகனும் அங்கேதான் தேடுவான். வலது கை வேதப்புத்தகத்துக்கு அடியில் கையுறையோடும் கோட்டுக் கையோடும் மறைந்து கிடந்தது. அதைத் தூக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மார்ச்சுவரியில் உடுத்திவிட்டது யார் என்று ஷைஜா கேட்டாள். சவப்பெட்டி செய்யும் ததேயுஸ் என்று சஜிதா சொல்லி, நம்பரையும் தேடிக் கொடுத்தாள். ஷைஜா எல்லோரும் கேட்கும்படி போனை நடுவில் வைத்தாள். எதிர்முனையில் ததேயுஸ் எதையோ இழைத்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் அந்தச் சத்தம் நின்றது.

“வலது கையில ஒரு வாட்ச்சு கெடந்துது, உண்டும். பட்டைய நல்லா தளத்திக் கெட்டியிருந்துது. நான் அதுக்கு மேலயே கையுறையப் போட்டேன். ஒடம்புல கெடக்க சாமானத்த நாங்க தொடப்பிடாது மக்களே, அது எங்க தொழில்ல கணக்கு. கழத்துகது வீட்டுக்காரங்க பொறுப்பு. மூடும்போ மகன் இடது கையில ஒண்ணு கழத்துனத நான் பாத்தேன். சரி, துபாய்க்காரங்க, ஒண்ணு எடுத்துக்கிட்டு ஒண்ணு குடுத்து விடுதாவன்னு நெனச்சேன்.”

ஷிபின் எழுந்து பின்வாசலுக்குப் போனான். அங்கிருந்து பார்த்தால் கல்லறை தெரியும். கார் விலை வாட்ச்சோடு அவன் அப்பா முப்பது அடி தூரத்தில் படுத்திருந்தார். மணி மூன்று நாற்பது.

ஷைஜா விஷயத்துக்கு வந்தாள். உடனே ஸ்டேஷனுக்கு வந்து நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டுப் புகாரைத் திரும்ப வாங்க வேண்டும். ஷிபின் திரும்பிப் பார்க்காமலே, முடியாது என்றான். முதலில் கல்லறையைத் திறக்க வேண்டும், வாட்ச் உள்ளே இருப்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு வருகிறேன் என்றான். கல்லறையைத் திறக்க அதிகாரியின் உத்தரவு வேண்டும், அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது என்று ஷைஜா விளக்கினாள். அவன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. பேசிப் பேசி அரை மணி நேரம் போயிற்று. போலி கிடந்தது என்று போலீஸுக்கு எழுதிக் கொடுத்தது பொய் என்று தன் வாயாலே சொல்ல வேண்டுமே, அந்த வெட்கம்தான் அவனைத் தடுத்தது.

ஓரமாக நின்றிருந்த டைட்டஸ் அப்போது முன்னால் வந்தான். அவன் வாயில் வழக்கமான நக்கல் இல்லை.

“ஒரு பேப்பரு கிட்டாம போனா என்ன ஆவும்னு ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம ரெண்டுபேரும் அந்தப் பேப்பர வச்சு கஞ்சி குடிச்சவங்க. வாட்ச்சு எங்கயும் ஓடிப்போவாது ஷிபினே. அந்தப் பிள்ளைக்கு விசா போயிரும்.”

ஷிபின் நின்ற இடத்திலேயே நின்றான். சஜிதா உள்ளே போய் அவன் சட்டையையும் கார் சாவியையும் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையைப் போட்டான்.

வழியில் ஒரு கல்யாண ஊர்வலம் குறுக்கே வந்தது. டைட்டஸ் ஹாரனை அமுக்கிக்கொண்டே, தெரிந்த மூன்று மொழியிலும் மனசுக்குள் திட்டினான். ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி நாலு ஐம்பத்திரண்டு. உள்ளே எழுத்தர் வழக்குப் பதிவதற்கான தாளை மேசையில் தயாராக வைத்திருந்தார். பெஞ்சில் டெல்சி இருந்தாள். பக்கத்தில் செசிலி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். ஷிபினைப் பார்த்ததும் இருவரும் எழுந்து நின்றார்கள். அவர்கள் எழுந்ததைப் பார்த்து ஷிபின் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் தன் கைப்படவே எழுதினான். துபாய் பஜார், டூப்ளிகேட், வலது கை, ததேயுஸ் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. எஸ்.ஐ. இரண்டு தடவை படித்தார். ததேயுஸுக்குத் தானே ஒரு தடவை போன் போட்டுப் பேசினார். பொய்யாக எழுதிக் கொடுத்ததற்காக ஷிபினைக் கூப்பிட்டு நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு எழுத்தரின் மேசையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். செசிலி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

எஸ்.ஐ. டெல்சியின் பக்கம் திரும்பினார். அவருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. வாட்ச்சை வலது கைக்கு மாற்றிக் கட்டியதை இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இவ்வளவு பாடு உண்டா என்று கேட்டார்.

டெல்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து அழுத கண்.

“எடுத்தியா, எடுத்தியான்னுதான் எல்லாரும் கேட்டாவ சார். எந்தக் கையில கெட்டினேன்னு ஒருத்தரும் கேக்கல்ல.”

ஷைஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலையில் இதே பெஞ்சில் வைத்து அவளும் டெல்சியிடம் நாற்பது கேள்வி கேட்டிருந்தாள். டைட்டஸ்தான் ஒன்றுவிடாமல் எழுதியவன். அந்த நோட்டு அவன் சட்டைப் பைக்குள் இருந்தது, எடுத்துப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.